உடுப்பைத் தைத்தவர் யார்?

நாட்டுப்புற ஆடற்கலைகளைப் பற்றி நம் சங்க மலர்களிலும் விழா மேடைகளிலும் நிறையப் பேசுகிறோம். ஆடுபவரைப் பாராட்டுகிறோம், தாளம் கொட்டுபவரைப் பாராட்டுகிறோம், குழுத் தலைவருக்குப் பொன்னாடை போர்த்துகிறோம். அந்த ஆட்டக்காரர் உடுத்தியிருக்கும் உடுப்பைத் தைத்தவர் யார் என்று எந்த மேடையிலாவது யாராவது கேட்டதுண்டா? நான் போன விழாக்களில் கேட்டதில்லை. அந்தக் கேள்வியை வாசக அன்பர்கள் முன் வைப்பதே இக்கட்டுரையின் நோக்கம். கேட்பதோடு நில்லாமல், இந்த விஷயத்தில் நம் சங்கம் செய்யக்கூடிய சில காரியங்களையும் கூற விரும்புகிறேன்.

'தண்டவாளம் போட்ட மனிதருக்குத் தையலைப் பற்றி என்ன தெரியும்?' என்று சிலர் புன்னகைக்கலாம். நியாயமான கேள்விதான். பாலிடெக்னிக்கில் டிப்ளமோ முடித்து 1983-ல் ரயில்வேயில் சேர்ந்த நான், 36 ஆண்டுகள் இருப்புப்பாதைப் பிரிவிலேயே பணிபுரிந்து ஓய்வு பெற்றவன். அதில் ஒரு பகுதி தென்கிழக்கு ரயில்வேயின் ஆத்ரா கோட்டத்தில் கழிந்தது. புருலியாவிலிருந்து சாண்டில் வழியாக டாடாநகர் செல்லும் பாதையில் பராபூம் என்றொரு நிலையம் உண்டு. அதை ஒட்டிய ஊர் பலராம்பூர். அங்கே எங்கள் கேங் ஆட்களில் பலர், பகலில் பாதையில் ஜல்லி தள்ளிவிட்டு இரவில் சௌ நடனம் ஆடப் போகிறவர்கள். அவர்கள் மூலமாகத்தான் எனக்கு இந்தக் கலையும், அதற்கு உடுப்புத் தைக்கும் ஒரு முதிய தையற்காரரும் பழக்கமானார்கள். ஓய்வு நாட்களில் அவர் கடைத் திண்ணையில் பல மணி நேரம் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். அங்கே பார்த்ததை வைத்தே எழுதுகிறேன்.

கொல்கத்தாவில் வாழும் நம்மில் பலர் சௌ நடனத்தைத் தொலைக்காட்சியிலோ, துர்கா பூஜைப் பந்தல்களிலோ கண்டிருப்போம். இதில் மூன்று வகை உண்டு. ஜார்க்கண்டின் செரைகேலா, ஒடிசாவின் மயூர்பஞ்ச், மேற்கு வங்கத்தின் புருலியா ஆகிய மூன்று இடங்களில் மூன்று பாணிகளாக இது வளர்ந்தது. மயூர்பஞ்சில் முகமூடி கிடையாது. மற்ற இரண்டிலும் உண்டு. செரைகேலா பாணி அரண்மனை ஆதரவில் வளர்ந்த நளினம். புருலியா பாணியோ வயல்காட்டு மனிதரின் வீரியம். சித்திரை மாதத்தில் சிவன் திருவிழாவை ஒட்டித் தொடங்கும் ஆட்டம், கோடை முழுவதும் ஊர் ஊராக நடக்கும். மேடை கிடையாது. திறந்த வெளியில் மக்கள் வட்டமாக உட்கார, நடுவே மண் தரையில் டோலும் தம்சாவும் முழங்க, மகிஷாசுரனும் துர்க்கையும் கிராதனும் அர்ச்சுனனும் விடியும்வரை போர் புரிவார்கள். 2010-ஆம் ஆண்டு யுனெஸ்கோ, மனித குலத்தின் மரபுச் செல்வங்கள் பட்டியலில் சௌ நடனத்தைச் சேர்த்தது.

இந்த நடனத்துக்குரிய முகமூடிகளைச் செய்யும் ஊர் சரிடா. பாக்முண்டிக்கு அருகே, அயோத்யா மலையின் அடிவாரத்தில் உள்ளது. தெருவின் இருபுறமும் சூத்ரதர் வகுப்பாரின் கடைகள். களிமண்ணில் உருவம் பிடித்து, அதன்மேல் காகிதத்தைப் படலம் படலமாக ஒட்டி, துணியும் மண்ணும் பூசி, உலர்த்தி, வண்ணமிட்டு, மணியும் இறகும் கட்டி அவர்கள் செய்யும் முகங்கள் இன்று நாடெங்கும் வீட்டுச் சுவர்களில் தொங்குகின்றன. இம்முகமூடிக்குப் புவிசார் குறியீடு கிடைத்துள்ளது. சரிடா முகமூடிக் கலைஞர் நேபாள் சந்திர சூத்ரதருக்கு 2024-ல், அவர் மறைந்த பிறகு, பத்மஸ்ரீ அறிவிக்கப்பட்டது. அதற்கு வெகு காலம் முன்பே, 1981-ல், சௌ ஆட்டக் கலைஞர் கம்பீர் சிங் முடா பத்மஸ்ரீ பெற்றிருந்தார். ஆடியவருக்கும் விருது, முகம் செய்தவருக்கும் விருது. மிக்க மகிழ்ச்சி. கழுத்துக்குக் கீழே உள்ளதைச் செய்தவர் எங்கே?

அதை ஏன் கேட்கிறேன் என்றால், புருலியா சௌவைப் பொறுத்தவரை கழுத்துக்குக் கீழேதான் நடனம் இருக்கிறது. முகம் மூடியிருப்பதால் கண்ணும் புருவமும் உதடும் பேச வழியில்லை. கோபமானாலும் வீரமானாலும் தோளையும் மார்பையும் குலுக்கித்தான் காட்ட வேண்டும். அசுரன் சினந்தால் அவன் தோள்கள் கிடுகிடுவென நடுங்கும். ஐம்பது அடி தூரத்தில் மண்ணில் உட்கார்ந்திருக்கும் கிழவிக்கு அந்த நடுக்கம் தெரிய வேண்டும். அதற்காகத்தான் அந்த வெல்வெட் சட்டையில் அத்தனை ஜரிகையும் சமிக்கியும் பாசிமணியும். வெறும் பகட்டுக்காக வைத்தவை என்று நாம் நினைக்கிறோம். தோள் ஒரு அங்குலம் அசைந்தால், அதில் தைத்த நூறு சமிக்கிகளும் ஒளியை வாங்கி வீசி, அந்த அசைவைப் பெரிதாக்கிக் காட்டுகின்றன. பெட்ரோமாக்ஸ் விளக்கு வெளிச்சத்தில் ஆடிய காலத்தில் இது இன்னும் அவசியமாக இருந்திருக்கும்.

கால்சட்டையும் அப்படியே. தேவர்களுக்குப் பச்சை அல்லது மஞ்சள், அசுரர்களுக்குக் கறுப்பு என்பது பொதுவான வழக்கம். அதன்மேல் வேறு நிறத் துணியை வளையம் வளையமாக வைத்துத் தைப்பார்கள். ஆட்டக்காரர் எகிறிச் சுழலும்போது அந்த வளையங்கள் கண்ணில் ஒன்றோடொன்று கலந்து சக்கரம்போல் தெரியும். வளையத்தின் அகலம் கூடினாலோ குறைந்தாலோ அந்தத் தோற்றம் வராது. இது தையற்காரர் கைக்கணக்கு. எந்தப் புத்தகத்திலும் எழுதி வைக்கவில்லை.

இனி, பாரத்தைத் தாங்கும் விஷயத்துக்கு வருகிறேன். புருலியா ஆட்டக்காரர் ஆகாயத்தில் குட்டிக்கரணம் அடித்து, இரண்டு முழங்கால்களும் தரையில் மோத வந்து இறங்குவார். நாம் அணியும் சாதாரணக் கால்சட்டையில் நான்கு தையல்கள் ஒரே புள்ளியில் வந்து சேருமிடம் கவட்டுப் பகுதி. காலை அகல விரித்துத் தாவும்போது முழு இழுவையும் அந்த ஒரு புள்ளியில்தான் விழும். பலராம்பூர்த் தையற்காரர் அந்த இடத்தில் ஒரு சாய்சதுரத் துணியைத் தனியாக வெட்டி வைத்துத் தைப்பார். இழுவை ஒரு புள்ளியில் விழாமல் நான்கு ஓரங்களுக்கும் பங்கிடப்படும். அக்குளிலும் அதே போல ஒரு துண்டு. கையைத் தலைக்குமேல் தூக்கினால் சட்டை முழுவதும் மேலே ஏறாது. நான் படித்த டிப்ளமோவில் இதைப் பாரப் பகிர்வு என்று மூன்று அத்தியாயங்களில் சொல்லிக்கொடுத்தார்கள். அவர் ஒரு முழத் துணியில் செய்து காட்டினார்.

அவர் அளவெடுக்கும் முறையே வேறு. ஆளை விறைப்பாக நிறுத்தி நாடா பிடிக்கமாட்டார். ஒரு முழங்காலில் உட்காரச் சொல்வார். கையை விரிக்கச் சொல்வார். முதுகை வளைக்கச் சொல்வார். ஒவ்வொரு நிலையிலும் அளவு எடுத்து, அதில் பெரியதை எடுத்துக்கொள்வார். 'அப்படியானால் தொளதொளவென்று இருக்காதா?' என்று கேட்டேன். அவர் சிரித்துக்கொண்டே, "இஞ்சினியர் பாபு, உங்கள் தண்டவாளத்தில் ஏன் சந்து விடுகிறீர்கள்?" என்று திருப்பிக் கேட்டார். வெயிலில் இரும்பு நீளும் என்பதற்காக இரண்டு தண்டவாளங்களுக்கு நடுவே நாங்கள் விடும் இடைவெளியை அவர் தினமும் லெவல் கிராசிங்கில் பார்த்திருக்கிறார். இடைவெளி இல்லாத பாதை கோடையில் கோணிக்கொள்ளும். இடம் விடாத சட்டை ஆட்டத்தில் கிழியும்.

இன்னும் சில நுணுக்கங்கள். முகமூடி அணிந்தவருக்குக் கண் துவாரம் வழியாக எதிரே கொஞ்சம் தெரியும். தம் காலடி தெரியாது. ஆகவே கால்சட்டையின் விளிம்பில் நூல் தொங்கினாலும், இடுப்புத் துணியின் நாடா நீண்டு விழுந்தாலும், அவரே அதைக் கண்டு ஒதுக்கிக்கொள்ள முடியாது. தடுக்கி விழ வேண்டியதுதான். பாசிமணி கோக்கும்போது நாலைந்து மணிக்கு ஒருமுறை நூலை முடிச்சிட்டுத் துணியோடு பூட்டுவார். ஓரிடத்தில் நூல் அறுந்தால் நாலு மணி போகும்; நாற்பது போகாது. மணி போனால் அழகு குறையும் என்பதற்காக மட்டும் அவர் அப்படிச் செய்வதில்லை. ஆடுகிறவர்கள் வெறுங்காலோடு ஆடுகிறார்கள். தரையில் சிதறிய கண்ணாடி மணிமேல், ஆறடி உயரத்திலிருந்து வந்து இறங்கும் பாதத்தை நினைத்துப் பாருங்கள். முழங்கால் பகுதிக்கு உள்ளே பழைய பருத்திப் புடவையை நாலாக மடித்து வைத்து நெருக்கமாக ஓட்டுத் தையல் போடுவதும், சட்டைக்குள்ளே தனியாகக் கழற்றித் துவைக்கும்படி பருத்தி உள்துணி வைப்பதும் இப்படியான காரணங்களுக்காகவே. ஜரிகை வேலை செய்த வெல்வெட்டை அடிக்கடி துவைக்க முடியாது. புருலியாக் கோடையிலோ பகலில் சுட்ட தரை நள்ளிரவிலும் அனல் வீசும். முழுக்கை வெல்வெட் சட்டைக்குள் ஒருவர் ஆடினால் வேர்வை எவ்வளவு என்று சொல்ல வேண்டியதில்லை.

அந்த முதியவர் ஒருமுறை சொன்னது மறக்கவில்லை: "பார்க்கிறவன் ஜரிகையைப் பார்ப்பான், பாபு. ஆடுகிறவன் கவட்டுத் தையலைத்தான் தொட்டுப் பார்ப்பான்."

இப்போது பிரச்சினைக்கு வருகிறேன். சில ஆண்டுகளுக்கு முன் இந்நகரில் ஒரு குடியிருப்பின் விழாக் குழுவினர் புருலியாவிலிருந்து ஒரு சௌ குழுவை அழைத்திருந்தார்கள். குழுவின் உடுப்புகள் பழையவை. வெல்வெட் நிறம் மங்கியிருந்தது. புகைப்படத்தில் எடுபடாது என்று கூறி, விழாக் குழுவினரே ஒரு வாடகைக் கடையிலிருந்து பளபளப்பான உடுப்புகளைத் தருவித்தார்கள். சாட்டின் துணி, பசை போட்டு ஒட்டிய பிளாஸ்டிக் சமிக்கி, ஒற்றைத் தையல். இரண்டாம் தாவலில் மகிஷாசுரனாக ஆடியவரின் கால்சட்டை கவட்டிலிருந்து முழங்கால்வரை கிழிந்தது. கூட்டம் சிரித்தது. அந்த இளைஞர் ஆட்டத்தை நிறுத்தவில்லை. இடுப்புத் துணியை ஒரு கையால் பிடித்துக்கொண்டே முடித்தார். ஆனால் அதன்பின் அவர் ஒருமுறைகூடத் தாவவில்லை. அசுரன் தாவாத சௌவை அன்றுதான் பார்த்தேன். இதில் பெரிய கொடுமை என்னவென்றால், கிழிந்த வாடகை உடுப்புக்காகக் குழுவின் சன்மானத்தில் ஒரு தொகையைப் பிடித்துக்கொண்டார்கள். மேடையில் மூவருக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். அந்த மூன்று பொன்னாடைகளின் விலையில் அந்தக் குழுவின் பழைய உடுப்புகள் அனைத்துக்கும் புதிய உள்துணி தைத்திருக்கலாம்.

இது யாரோ சிலரின் கெட்ட எண்ணத்தால் நடப்பதன்று. நம் கணக்கு முறையே அப்படி. விழா வரவு செலவுத் திட்டத்தில் பந்தல், ஒலிபெருக்கி, விளக்கு, சாப்பாடு, மலர்மாலை, பொன்னாடை, அழைப்பிதழ் என்று ஒவ்வொன்றுக்கும் தனித்தனி வரி இருக்கும். கலைஞர்களுக்கு என்று ஒரே வரி. அந்த ஒரே வரிக்குள் அவர்கள் பயணம், வாத்தியம் வார் பிடித்தல், முகமூடிக்கு வண்ணம், உடுப்பு எல்லாம் அடக்கம். பணம் போதாதபோது முதலில் எதை வெட்டுவார்கள்? பயணச் சீட்டை வெட்ட முடியாது. முகமூடியை வெட்டினால் ஆட்டமே இல்லை. தையற்கூலிதான் வெட்டுப்படும். புதுச் சட்டைக்குப் பதில் பழையதற்கு ஒட்டு. தைத்த சமிக்கிக்குப் பதில் ஒட்டிய சமிக்கி. தையற்காரரும் வயிற்றுப்பாட்டுக்குப் பள்ளிச் சீருடையும் ஜன்னல் திரையும் தைக்கப் போய்விடுவார். எனக்குத் தெரிந்த அந்த முதியவரின் மகன் இன்று அப்படித்தான் பிழைக்கிறார். அவரைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. ஆனால் அந்தச் சாய்சதுரத் துணியை எந்த அளவில் வெட்டுவது என்பது அவரோடு நின்றுவிடும்.

இதற்கு எதிராகச் சொல்லப்படுவனவற்றையும் நேர்மையாகப் பார்க்க வேண்டும்.

முதலாவது, 'காலம் மாறுகிறது. நாட்டுப்புறக் கலை என்றால் பழைய துணியைத்தான் உடுத்த வேண்டுமா?' என்பது. நிச்சயமாக வேண்டாம். வெல்வெட்டும் ஜரிகையும்கூடப் படா பஜாரிலிருந்து போன சரக்குதானே! சாட்டினோ நைலானோ எதுவானாலும், ஒரு ஏழைக் குழு குறைந்த செலவில் புது உடுப்பு வாங்க முடிகிறதென்றால் அது நல்லதே. துணி எதுவாக இருந்தாலும் வெட்டும் தையலும் ஆட்டத்துக்கு ஏற்றதாக இருக்க வேண்டும் என்பதே என் வாதம். மரக் கட்டைக்குப் பதில் கான்கிரீட் கட்டை வந்தபோது பாதை கெட்டுவிடவில்லை. கட்டைகளுக்கு இடையேயுள்ள தூரத்தையும் ஜல்லியின் ஆழத்தையும் நாங்கள் கவனிக்காமல் விட்டிருந்தால் கெட்டிருக்கும்.

இரண்டாவது, 'கலைஞர்கள் தாங்களே வாடகை உடுப்பை விரும்புகிறார்கள்' என்பது. சிலர் விரும்புகிறார்கள் என்பது உண்மை. ஆனால் ஏன்? கையில் முன்பணம் இல்லாததால். விழா முடிந்தபின் கிடைக்கும் பணத்தைக் கொண்டு விழாவுக்கு முன் எப்படித் தைப்பது? வாடகை என்பது அவர்கள் ரசனையைக் காட்டவில்லை. நாம் பணம் கொடுக்கும் தேதியைக் காட்டுகிறது.

மூன்றாவது, 'தையற்காரர் கலைஞர் அல்லர், கூலிக்குத் தைப்பவர்' என்பது. இதைக் கேட்கும்போதுதான் எனக்கு ஓர் இருப்புப்பாதைக்காரனாகக் கோபம் வருகிறது. எங்கள் இலாகாவில் கீமேன் என்றொருவர் உண்டு. நாள்தோறும் தம் பகுதிப் பாதையில் நடந்து, தளர்ந்த சாவியைச் சுத்தியால் அடித்து இறுக்கிக்கொண்டு போவார். ரயில் நேரத்துக்கு வந்தால் டிரைவரைப் பாராட்டுவோம். கீமேன் பெயர் எந்தப் பயணிக்கும் தெரியாது. ஆனால் இலாகாவுக்குத் தெரியும். தண்டவாளத்தின் பக்கவாட்டில் பாருங்கள். உருக்காலையின் பெயரும் உருட்டிய ஆண்டும் புடைப்பாகப் பதிந்திருக்கும். இரண்டு தண்டவாளங்களைப் பற்றவைத்த இடத்தில் எந்த மாதம், எந்த ஆண்டு, யார் பற்றவைத்தது என்பதற்கான குறி இருக்கும். உயிர் தாங்கும் பொருளில் செய்தவர் பெயர் இருக்க வேண்டும் என்பது எங்கள் தொழிலின் பாலபாடம். பெயர் இருந்தால் பாராட்டு யாருக்கு என்பது தெரியும். குறை வந்தால் யாரைக் கேட்பது என்பதும் தெரியும். ஓர் ஆட்டக்காரரின் முழங்காலையும் மானத்தையும் தாங்கும் உடுப்புக்கு மட்டும் அந்த மரியாதை வேண்டாமா?

இதெல்லாம் வங்காளத்துக் கதை, நமக்கென்ன என்று கருத வேண்டாம். நம் ஊர்த் தெருக்கூத்தை எடுத்துக்கொள்ளுங்கள். கிரீடம், புஜக்கட்டை, மார்புப் பதக்கம் என்று மரத்தில் செதுக்கிக் கண்ணாடி பதித்த அணிகலன்களைக் கட்டிக்கொண்டு ஆடுவதால்தான் அதற்குக் கட்டைக்கூத்து என்றும் பெயர். அந்தக் கட்டைகளின் கனத்தைத் தாங்குவது உள்ளே இருக்கும் சட்டையும் நாடாக்களும். அவை தோளில் அறுத்தால் துரியோதனனுக்குக் குரல் எழும்பாது. கிறுகிறுவெனச் சுற்றும்போது குடைபோல் விரிகிற பாவாடைக்கு எத்தனை முழச் சுற்று வேண்டும் என்பதும் தைப்பவர் கணக்குத்தான். பொய்க்கால் குதிரையில் கூட்டைச் சுற்றித் தொங்கும் துணி ஒரு சாண் குறைந்தால் ராஜாவின் மரக்கால் தெரிந்துவிடும். ஒரு சாண் கூடினால் அந்த மரக்கால் துணியில் சிக்கும். பொங்கல் விழாவில் நம் வீட்டுப் பெண் குழந்தைகள் கும்மியும் கோலாட்டமும் ஆடும்போது ஊக்குகளால் கட்டி நிறுத்திய பாவாடை தாவணியோடு, ஒரு கையில் கோலும் மறு கையில் முந்தானையுமாகத் தவிப்பதை ஆண்டுதோறும் பார்க்கிறோம். அந்தக் குழந்தைக்கு ஆட்டம் வரவில்லை என்கிறோம். உடுப்பு அவளை ஆடவிடவில்லை.

புருலியாவில் அண்மை ஆண்டுகளில் பெண்கள் குழுக்களும் சௌ ஆடுகின்றன. நெடுங்காலம் ஆண்களே ஆடிவந்த கலை இது. ஆண் உடம்புக்கு வெட்டிய சட்டையைப் பெண்ணுக்குப் பிடித்துத் தைத்தால் தோள் இறங்கும், அக்குள் இறுக்கும். அவர்களுக்குப் புதிதாக அளவெடுத்துப் புதிதாக வெட்டத் தெரிந்த தையற்காரர் வேண்டும். ஆகையால், இந்தத் தொழில் பழமையைக் காப்பதற்கு மட்டும் தேவைப்படுவதன்று. புதிதாக வருபவர்களுக்குத்தான் அதிகம் தேவைப்படுகிறது.

நம் சங்கம் என்ன செய்யலாம்? செயற்குழுவில் இல்லாத ஒரு சாதாரண உறுப்பினனின் யோசனைகள் இவை.

ஒன்று: இனி எந்த நாட்டுப்புறக் குழுவை அழைத்தாலும், வரவு செலவுத் திட்டத்தில் 'உடுப்பு' என்று தனி வரி ஒன்று சேர்க்க வேண்டும். அந்தத் தொகையை விழா நாளுக்கு இரண்டு மாதம் முன்பே அனுப்பிவிட வேண்டும். முன்பணம் என்று அதைப் பின்னால் கழித்துக்கொள்ளக் கூடாது.

இரண்டு: அழைப்பிதழிலும் மேடை அறிவிப்பிலும் குழுத் தலைவர், ஆடுவோர், வாத்தியக்காரர் பெயர்களோடு உடுப்புத் தைத்தவரின் பெயரையும் சேர்க்க வேண்டும். இதற்குக் காலணாச் செலவில்லை. முகமூடி செய்தவர் பெயரும் அவ்வாறே.

மூன்று: நம் செலவில் தைக்கப்படும் ஒவ்வோர் உடுப்பின் உட்புறத்திலும், கழுத்துப் பட்டிக்குக் கீழே, தைத்தவர் பெயரும் ஊரும் ஆண்டும் எழுதிய ஒரு சிறு துணிப் பட்டையைத் தைக்கச் சொல்ல வேண்டும். பத்தாண்டு கழித்து அந்தச் சட்டையை அவிழ்த்துப் பார்க்கும் இன்னொருவருக்கு யாரிடம் போய்க் கற்பது என்று தெரியும்.

நான்கு: ஆண்டுக்கு ஒரு முறையாவது, ஆடும் குழுவோடு அவர்களுடைய தையற்காரரையும் அழைத்து, இரண்டு நாள் நம்மோடு தங்கச் செய்யலாம். சங்கத்தில் தையல் அறிந்த தாய்மார்கள் பலர் இருக்கிறார்கள். அவர்கள் உடனிருந்து பார்த்து, ஒவ்வொரு துண்டையும் பழுப்புக் காகிதத்தில் அளவோடு வரைந்து வெட்டி வைத்தால் அதுவே ஒரு நூலகம். அதே கூட்டத்தில் நம் குழந்தைகளின் கும்மி உடைக்கும் ஒரு நல்ல வெட்டைத் தீர்மானித்துவிடலாம். ஊக்குகளுக்கு ஓய்வு கொடுக்கலாம்.

ஐந்து: சங்கத்துக்குச் சொந்தமான ஆட்ட உடுப்புகளுக்கு ஒரு பதிவேடு வேண்டும். எப்போது தைத்தது, எப்போது பழுது பார்த்தது, எந்த இடத்தில் தையல் விட்டது என்று எழுதி வைக்க வேண்டும். பராமரிப்புப் பதிவேடு இல்லாத பாதையில் நாங்கள் ரயில் விடுவதில்லை. குழந்தைகளை மட்டும் ஏன் ஆடவிட வேண்டும்?

இவற்றில் எதற்கும் பெரும் பணம் தேவையில்லை என்பதைப் பொருளாளர் அவர்கள் கவனிக்க வேண்டுகிறேன். இரண்டு பொன்னாடைகளைக் குறைத்தால் போதும். பெரியோர்கள் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்; அவர்கள் வீட்டுப் பீரோக்களில் இடமில்லை என்பதையும் நான் அறிவேன்.

பொதுக்குழு கூடும்போது இந்த ஐந்தில் முதல் இரண்டையாவது தீர்மானமாகக் கொண்டுவர நான் எண்ணியுள்ளேன். வழிமொழிய விருப்பமுள்ள அன்பர்கள் சங்க அலுவலகத்தில் தெரிவிக்கலாம். மாற்றுக் கருத்துடையோர் இந்த இதழிலேயே எழுதினால் மகிழ்வேன். குறிப்பாக, தையல் இயந்திரத்தில் உட்கார்ந்து பழகிய தாய்மார்கள் எழுத வேண்டும். திண்ணையில் உட்கார்ந்து பார்த்தவனைவிட அவர்கள் இதில் அதிகம் அறிந்தவர்கள்.